பைக் டெஸ்டில் சொதப்புவது எங்கே? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிமுறை

என் முதல் பைக் லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போடும்போது கால் ஊன்றிவிட்டேன், ஃபெயில். சரி, கால்தானே பிரச்சினை என்று அடுத்த இரண்டு வாரமும் காலை எடுக்கவே கூடாது என்ற ஒரே வைராக்கியத்தோடு சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டாவது டெஸ்டில் கால் ஊன்றவில்லை. வண்டியோடு சேர்ந்து அப்படியே சாய்ந்தேன். கால் பாவம், அது என்னைக் காப்பாற்றத்தான் முதல் தடவை கீழே போயிருக்கிறது. தப்பு செய்தது இடது கையும் கண்ணும் என்று புரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

பைக் டெஸ்டில் பாதிக்கு மேல் கோளாறுகள் இந்த மாதிரிதான், தெரிவது ஓரிடம், வேர் இருப்பது வேறிடம். வேரைப் பிடிக்காமல் பயிற்சியை மட்டும் கூட்டினால் தப்பே கைக்குப் பழகிவிடும். அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போங்கள். என்ன அறிகுறி என்றே சொல்லத் தெரியவில்லை என்றால் யாரையாவது நிற்க வைத்து மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகமும் இடது கையும் தெரிய வேண்டும், சக்கரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

டெஸ்ட் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் எட்டு, ஓரிடத்தில் கூம்புகளுக்கு நடுவே வளைந்து போவது, ஓரிடத்தில் நேராகச் சாலைக்கே கூட்டிப்போய்விடுவார்கள். கோளாறுகள் என்னவோ எல்லா இடத்திலும் இவைதான். கியர் வண்டியை மனதில் வைத்து எழுதுகிறேன், கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை, அல்லது கியர் போட்டதும் செத்துவிடுகிறது

இது சின்ன விஷயம், ஆனால் டெஸ்ட் அன்றுதான் வரும். பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை என்றால் முதலில் வலது கைப்பக்கம் இருக்கும் சிவப்பு ஸ்விட்சைப் பாருங்கள், யாரோ அதை அணைத்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அந்த யாரோ நீங்கள்தான். சில வண்டிகள் கிளட்சைப் பிடிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. நியூட்ரலில் நன்றாக ஓடிவிட்டு முதல் கியர் போட்ட நொடியில் அணைந்தால் சைடு ஸ்டாண்டு கீழே இருக்கிறது, அதை மடக்காமல் கிளம்ப விடாத ஸ்விட்ச் இப்போது பல வண்டிகளில் உண்டு. ஏறி உட்கார்ந்ததும் ஸ்டாண்டு, சிவப்பு ஸ்விட்ச், நியூட்ரல் விளக்கு, கண்ணாடி என்று இதே வரிசையில் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் தீர்ந்தது. அதிகாரி கண்ணுக்கும் அது நன்றாகத் தெரியும்.

கிளம்பும்போது ஆஃப் ஆகிறது

இரண்டு வகையான ஆஃப் இருக்கிறது, எது உங்களுடையது என்று முதலில் பிரியுங்கள்.

ஒரே குலுக்கலில், முன்னால் தள்ளிவிட்ட மாதிரி டப்பென்று நின்றால், கிளட்சை வேகமாக விட்டுவிட்டீர்கள். முக்கி முனகி, உடம்பெல்லாம் நடுங்கி, பிறகு நின்றால் இன்ஜினுக்குப் போதுமான ஆக்சிலரேட்டர் தரவில்லை, அல்லது இரண்டாவது மூன்றாவது கியரில் இருந்துகொண்டே கிளம்பப் பார்க்கிறீர்கள். இந்தக் கியர் தப்புக்குக் காரணம் கிளம்பும் இடத்தில் இல்லவே இல்லை, சற்று முன்னால் நின்ற இடத்தில் இருக்கிறது. மூன்றாவதில் வந்து அப்படியே நிறுத்தியிருப்பீர்கள். நிற்பதற்குள்ளேயே ஒவ்வொன்றாக முதல் கியருக்கு இறங்கிவிடுங்கள். வண்டி நின்ற பிறகு கியர் சில சமயம் இறங்காமல் அடம்பிடிக்கும், அப்போது கிளட்சை லேசாக விட்டுப் பிடித்தோ வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டியோ பார்த்தால் விழும்.

முதல் வகைக்கு ஒரே மருந்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளம்பப் பழகுவது. சமதரையில் முதல் கியர் போட்டு, வலது கையை ஆக்சிலரேட்டரிலிருந்து சும்மா விட்டுவிட்டு, கிளட்சை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கும், வண்டி மூக்கை நீட்டும். அந்த இடம்தான் பிடிப்புப் புள்ளி. அங்கேயே கையை நிறுத்தி இரண்டு மீட்டர் ஊர விட்டு, மறுபடி கிளட்சைப் பிடித்து நிறுத்துங்கள். இருபது முப்பது தடவை செய்தால் சலிப்பு வரும், சலிப்பு வந்தால் கை கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பொதுவாக எல்லோரும் செய்கிற தப்பு, பிடிப்புப் புள்ளி வந்ததும் வேலை முடிந்தது என்று மீதியை மொத்தமாக விட்டுவிடுவது. இரண்டு மீட்டர் ஓடும் வரை கை அங்கேயே இருக்கட்டும், மிச்சத்தை அப்புறம் விடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிப்புப் புள்ளி ஒரு நாள் இங்கே ஒரு நாள் அங்கே என்று இருந்தால் கையை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். கேபிள் கிளட்ச் என்றால் லீவர் நுனியில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்க வேண்டும், பல வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ. என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அதிகமானால் கிளட்ச் முழுசாக விலகாது, பிடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி ஊரும். தொளதொளப்பே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும், பிளேட் தேயும். சின்னக் கை உள்ளவர்கள் லீவரைக் கொஞ்சம் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள், முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வந்தால் நுணுக்கம் தானாகக் கூடும்.

ஏற்றத்தில் பின்னால் உருண்டால் வலது காலால் பின் பிரேக்கை மிதித்து நிறுத்தி, இடது காலை மட்டும் தரையில் வைத்து, பிடிப்புப் புள்ளி வந்து இன்ஜின் இழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை விடுங்கள். இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டு முன் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒரே கையால் சமாளிப்பது சர்க்கஸ்.

எட்டிலோ யூ டர்னிலோ கால் போகிறது

என் நோய். இதைப் பற்றி என்னால் ஒரு நாள் முழுக்கப் பேச முடியும்.

வீடியோவில் முதலில் உங்கள் கண்ணைப் பாருங்கள். முன் சக்கரத்துக்கு அரை மீட்டர் தள்ளித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதையும் திருத்த வேண்டாம், அதை மட்டும் முதலில் திருத்துங்கள். கண் போகும் இடத்துக்குத் தலை போகும், தலை பின்னால் தோள், தோள் பின்னால் ஹேண்டில்பார். தரையைப் பார்ப்பவர் தரைக்குத்தான் போவார். யூ டர்ன் என்றால் திரும்பத் தொடங்கும்போதே தாடை தோளைத் தொடுகிற அளவுக்குத் தலையைத் திருப்பி, எங்கே போய் முடிக்கப் போகிறீர்களோ அங்கே பாருங்கள். கழுத்து வலித்தால் சரியாகத்தான் செய்கிறீர்கள். எட்டில் ஒரு வட்டம் பாதி முடியும்போதே கண் அடுத்த வட்டத்துக்குப் போய்விட வேண்டும். கோட்டை மிதித்துவிடுவோமே என்ற பயத்தில்தான் எல்லோரும் கோட்டைப் பார்க்கிறோம், பார்ப்பதால்தான் மிதிக்கிறோம்.

கண் சரியாக இருந்தும் கால் போகிறதா? அப்படியானால் நடு வளைவில் கிளட்சை முழுசாகப் பிடித்துவிடுகிறீர்கள். மெதுவாகப் போகும் வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது பின் சக்கரத்துக்கு வரும் இழுவைதான். சாய்ந்திருக்கும் நேரத்தில் அதைத் துண்டித்தால் வண்டி பொத்தென்று உள்பக்கம் விழும், உடனே கால் போகும். பயம் வந்தால் கை கிளட்சைக் கவ்வும், இது இயல்பு, இதைத்தான் மாற்ற வேண்டும். ஆக்சிலரேட்டரை ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்து அசைக்காமல் விட்டுவிடுங்கள், கிளட்சைப் பிடிப்புப் புள்ளியைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள், வேகத்தைப் பின் பிரேக்கில் பாதம் லேசாகத் தேய்க்கிற அளவுக்கு மிதித்துக் கட்டுப்படுத்துங்கள். இன்ஜின் இழுக்கிறது, பிரேக் தடுக்கிறது, நடுவில் செயின் தொய்வில்லாமல் விறைப்பாக நிற்கிறது, அதனால் குலுக்கல் வராது. வேகம் கூட வேண்டுமா, பிரேக்கை விடுங்கள். குறைய வேண்டுமா, கொஞ்சம் அதிகமாக மிதியுங்கள். ஸ்கூட்டரில் இடது கைப் பிரேக்கை இதே மாதிரி தேய்த்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்திருந்தால் போதும்.

முன் பிரேக்கை மட்டும் ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது தொடாதீர்கள். நான் இரண்டாவது டெஸ்டில் கிளட்சோடு சேர்த்து அதையும் பிடித்ததால்தான் விழுந்தேன், ஒரு விரல் அழுத்தம்கூட இருந்திருக்காது. நேராக ஓடும்போது அதே விரல் அழுத்தத்தில் வண்டி முன்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கும், அவ்வளவுதான். திரும்பியிருக்கும்போது முன்பக்கம் அப்படியே உள்ளே மடங்கிக்கொண்டது. அன்றிலிருந்து மெதுவான வளைவுகளில் வலது கை விரல் நான்கையும் ஆக்சிலரேட்டரைச் சுற்றி வைத்துவிடுகிறேன், லீவர் மேல் ஒன்றும் கிடையாது.

ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள், அதுவும் வலது பக்கம். இறுக்கமாக வலது பக்கம் திரும்பும்போது வலது முழங்கை மடங்கி விலாவுக்கு வருகிறது, அதில் மணிக்கட்டு வளைந்து ஆக்சிலரேட்டர் நம்மைக் கேட்காமலே முறுகிவிடும். முழங்கையை வெளியே தூக்கி வைத்துப் பாருங்கள். உடம்பை வண்டியோடு சேர்த்துச் சாய்க்காமல் வண்டியை மட்டும் உள்ளே சாயவிட்டு நீங்கள் நிமிர்ந்தோ கொஞ்சம் வெளிப்பக்கமோ உட்கார்ந்தால் சின்ன வட்டம் எளிதாக வரும். எட்டிலேயே ஆரம்பிக்காதீர்கள். பெரிய வட்டம், ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வாருங்கள், இரண்டையும் ஒட்டவைத்தால் அதுதான் எட்டு.

மெதுவாக நேராகப் போகும்போது ஆடுகிறது

முழங்கை விறைத்திருக்கும். கையை மடக்குங்கள், முழங்காலால் டேங்கை அணையுங்கள், கண்ணைத் தூரத்தில் வையுங்கள், பின் பிரேக் முறையையே இங்கேயும் பயன்படுத்துங்கள். அப்படியும் வண்டி நேர்கோட்டில் நிற்காமல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடிக்கொண்டே போனால் டயர் காற்றைப் பாருங்கள். பிறகு நடு ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி லேசாகச் சிக்கினால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது, எத்தனை நாள் பயிற்சி செய்தாலும் அந்த வண்டி நேராகப் போகாது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வேகமான வளைவில், விலகும் பயிற்சியில் வெளியே போய்விடுகிறது

மெதுவாகப் போகும்போது திரும்பும் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்புகிறோம். வேகம் ஏறினால், சுமாராக 20 கி.மீ.க்கு மேல், கதை தலைகீழ். இடது பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு நொடி எதிர்ப்பக்கம் திரும்பும், வண்டி இடது பக்கம் சாயும், சாய்ந்ததும் திரும்பும். நாம் எல்லோரும் இதைத் தெரியாமலே செய்கிறோம். விமானம் செய்த வில்பர் ரைட் சைக்கிள் கடையும் வைத்திருந்தவர், சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று விசாரித்துப் பார்த்து, முதலில் வலது பக்கம் லேசாகத் திருப்புகிறோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று ஆச்சரியப்பட்டார். தெரியாமல் செய்வது சாதாரண நாளில் போதும். தடையைக் கண்டு சட்டென்று விலக வேண்டிய பயிற்சியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு வண்டி வரும் என்று காத்திருந்தால் கூம்பை இடித்துவிட்டுத்தான் வரும். போக வேண்டிய பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளு, பிறகு மறுபக்கத்தைத் தள்ளி நிமிர்த்து. விலகும்போது பிரேக் வேண்டாம், அதை விலகுவதற்கு முன்போ விலகி முடித்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரமாக நிறுத்தும்போது பின் சக்கரம் வழுக்குகிறது, அல்லது கோட்டைத் தாண்டிவிடுகிறது

இரண்டும் ஒரே நோய், முன் பிரேக்கை நம்பாதது. ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதமிஞ்சி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டிருந்தார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவேயில்லை என்று அதில் இருக்கிறது. தப்பிக்கக் கிடைத்த நேரம் பொதுவாக 2 நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, பழகிய கைதான் வேலை செய்யும். டெஸ்டில் இதைக் கேட்பது அதற்காகத்தான்.

பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்கு ஓடுகிறது, பின் சக்கரம் இலேசாகிறது, இலேசான சக்கரம் எளிதில் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். எனவே முன் லீவரைக் கபக்கென்று பிடிக்காமல் எலுமிச்சம்பழம் பிழிவது போல ஆரம்பித்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போங்கள், எடை முன்னால் வர வர டயர் அதிகம் தாங்கும். பின் பிரேக் மிதமாக ஆரம்பித்து, முன்பக்க அழுத்தம் ஏற ஏறக் குறையட்டும். கண் தூரத்தில், ஹேண்டில்பார் நேராக, கிளட்ச் கடைசியில். முதலிலேயே கிளட்சைப் பிடித்துவிட்டால் இன்ஜின் தரும் தடுப்பு போய்விடும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் லீவர் துடிக்கும், பயந்து விட்டுவிடாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். ஏபிஎஸ் இல்லாமல் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விட்டு மறுபடி பிடியுங்கள். பின் சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் போயிருந்தால் மட்டும் பிரேக்கைச் சட்டென்று விடாதீர்கள், டயர் திடீரென்று பிடித்து உங்களைத் தூக்கி எறியும்.

பயிற்சியை 20 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்கு, அதனால் ஒரேயடியாக 40-க்குத் தாவினால் உங்கள் கணக்கெல்லாம் பிசகும். 40-ல் நீங்கள் ஒரு நொடி தயங்கினாலே வண்டி 11 மீட்டர் போயிருக்கும், பிரேக்கில் கை வைப்பதற்கு முன்பே.

பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்

கண்மணியை மட்டும் கண்ணாடிப் பக்கம் ஓட்டியிருப்பீர்கள். ஹெல்மெட்டுக்குள் நடப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாது. தலை அசைய வேண்டும். இது நடிப்பு என்று எனக்கும் முதலில் எரிச்சல் வந்தது, ஆனால் கண்ணாடியில் விழாத ஓர் இடம் தோளுக்குப் பின்னால் உண்மையாகவே இருக்கிறது, ஒரு கார் முழுசாக அதில் மறையும். கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம் நகர்வு. தோளைப் பார்க்கும்போது வண்டியும் அந்தப் பக்கம் இழுத்தால் கை இறுக்கமாக இருக்கிறது, தாடையை மட்டும் திருப்பப் பழகுங்கள். கிளம்பும் முன்னும் தோள் பார்வை உண்டு, பலர் மறப்பது அங்கேதான்.

இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிடுகிறது

காரில் மாதிரி தானாக அணையாது, பெரும்பாலான பைக்குகளில் நாம்தான் அணைக்க வேண்டும். எந்தத் திருப்பம் முடிந்தாலும், போட்டோமா இல்லையா என்று யோசிக்காமல் கட்டைவிரலால் ஒரு முறை அமுக்குங்கள். அணைந்திருந்தால் நட்டமில்லை.

எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் ஃபெயில்

மிகவும் மெதுவாகப் போயிருப்பீர்கள். சாலை காலியாக இருக்க ஊர்ந்துகொண்டே போவதும், போகலாம் என்ற இடைவெளியில் போகாமல் நின்றுகொண்டே இருப்பதும் தப்புக் கணக்கில்தான் வரும். இன்னொன்று நிறுத்தக் கோடு. நில் என்றால் சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், மெதுவாக உருண்டுவிட்டு நின்றேன் என்று சொன்னால் எடுபடாது. கால் தரையைத் தொட்டால் நின்றது எல்லோருக்கும் தெரியும். இங்கே மட்டும் கால் ஊன்றலாம், தயங்காதீர்கள்.

பயிற்சியில் அருமை, டெஸ்டில் நடுக்கம்

நடுக்கத்தை விட முடியாது, அது எங்கே வேலை செய்கிறது என்று பாருங்கள். பிடி இறுகுகிறது, மூச்சு நிற்கிறது, இறுகிய வலது கை ஆக்சிலரேட்டரைக் குலுக்குகிறது. கிளம்பும் முன் விரல்களைப் பியானோ வாசிப்பது போல ஒரு தடவை ஆட்டிவிட்டு, மூச்சை நீளமாக விடுங்கள்.

அதைவிட முக்கியம், புதிதாக எதையும் கொண்டுபோகாதீர்கள். டெஸ்டுக்கென்று வாங்கிய தடித்த பூட்ஸில் கியர் லீவர் எங்கே இருக்கிறது என்றே கால் கண்டுபிடிக்காது. புதுக் கையுறையில் பிடிப்புப் புள்ளி மாறும். இன்னொருவர் வண்டியில் போகிறீர்கள் என்றால் அதன் கிளட்ச் உங்கள் கிளட்ச் இல்லை, சில நாளாவது அதிலேயே எட்டு போட்டுப் பழகியிருக்க வேண்டும். அன்று காலையில் பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கிவிட்டுப் போங்கள், குளிர்ந்த இன்ஜின் மெதுவேகத்தில் இருமும்.

நடுவில் ஒரு தப்பு நடந்துவிட்டால் ஃபெயில்தான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரு சின்னத் தப்பை நினைத்துக்கொண்டே அடுத்த வளைவில் பெரிய தப்பைச் செய்கிறவர்கள் அதிகம்.

தோற்றுவிட்டேன், மறுபடி எங்கே ஆரம்பிப்பது

வீட்டுக்குப் போவதற்கு முன் ஓரமாக நின்று மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த இடத்தில் நடந்தது, அதற்கு ஒரு நொடி முன்னால் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், இடது கை என்ன செய்துகொண்டிருந்தது. மாலைக்குள் மறந்துபோகும், அப்புறம் நினைவில் நிற்பது கால் ஊன்றியது மட்டும்தான். என்னுடைய தாளில், வலது வட்டம், கோடு, முழுசாகப் பிடித்தேன் என்று மூன்று வரி இருந்தது. மூன்றாவது டெஸ்டுக்கு முன்னால் நான் பழகியது அந்த வலது வட்டத்தை மட்டும்தான்.